பிபிஏ முதல் செமஸ்டர் பிசினஸ் எகனாமிக்ஸ்: டிமாண்ட், எலாஸ்டிசிட்டி, மார்ஜினல் காஸ்ட் மூணுலயும் சிக்கி நிக்கிறேன், யாராவது விளக்குங்க

நெல்லை_பிபிஏ_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ப்ளஸ் டூல மேத்ஸ் பயாலஜி குரூப், இப்ப திருநெல்வேலியில பிபிஏ முதல் வருஷம் படிக்கிறேன். அக்கவுண்ட்ஸ் எனக்குப் புதுசுதான், ஆனா கணக்கா இருக்கறதால போட்டுப் போட்டுப் பிடிச்சுக்கிட்டேன். பிசினஸ் எகனாமிக்ஸ்தான் வாசிக்கறப்ப எல்லாம் புரியுது, புக்கை மூடினா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. ஆடம் ஸ்மித், மார்ஷல், ராபின்ஸ், சாமுவேல்சன் நாலு பேர் டெபனிஷனும் மனப்பாடம் பண்ணியாச்சு, அதுல பிரச்சனை இல்ல. அதுக்கு அப்புறம் வர்றதுதான்.

விலை ஏறினா டிமாண்ட் குறையும்னு லா ஆஃப் டிமாண்ட்ல படிச்சோம். டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும்னு ஈக்விலிப்ரியம் பாடத்துல வருது. அப்ப விலை இறங்கினதும் மறுபடி டிமாண்ட் ஏறணும், ஏறினா மறுபடி விலை ஏறணும், இது சுத்திக்கிட்டே இருக்குமே, எங்க போய் நிக்கும்? கிளாஸ்ல கேட்டதுக்கு ஈக்விலிப்ரியம் பாயிண்ட்ல நிக்கும்னு பதில் வந்துச்சு, எப்படி நிக்குதுன்னுதான் எனக்குப் புரியல.

அடுத்து எலாஸ்டிசிட்டி, அதாவது விலை மாறினா வாங்குற அளவு எவ்வளவு மாறுதுங்கற கணக்கு. ஒரு டீக்கடையில டீ 10 ரூபாயா இருந்தப்ப நாளைக்கு 200 டீ போச்சு, 12 ஆக்கினதும் 170 டீ. விலை ஏற்றம் 20 சதவீதம், அளவு குறைஞ்சது 15 சதவீதம், வகுத்தா 0.75, ஒண்ணுக்குக் கீழ, அதனால இன்எலாஸ்டிக், அதாவது விலை மாறின அளவுக்கு வாங்குறது மாறல. சரி. அதே கணக்கை 12-லேர்ந்து 10-க்கு இறக்கின மாதிரி திருப்பிப் போட்டுப் பார்த்தேன், 1.06 வருது, அதாவது எலாஸ்டிக். ஒரே கடை ஒரே டீ, எந்தப் பக்கத்துலேர்ந்து பார்க்கிறோம்ங்கறதை வச்சு பதில் மாறுமா?

மூணாவது, மார்ஜினல் காஸ்ட்டும் (எம்சி, இன்னொரு பீஸுக்கு ஆகுற கூடுதல் செலவு) மார்ஜினல் ரெவின்யூவும் (எம்ஆர், அதால வர்ற கூடுதல் வருமானம்) சமமாகுற இடத்துல லாபம் அதிகபட்சம். டெரிவேட்டிவ் போட்டு நிரூபிக்க எனக்கு வரும், ஆனா இதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது கேட்டா சொல்ல வரல. நிஜமாவே எந்த முதலாளியாவது இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறாங்களா? இன்னொரு சின்ன சந்தேகம், விலை மாறினா அளவு மாறுதுன்னா விலைதானே எக்ஸ் ஆக்சிஸ்ல வரணும், ஏன் வை ஆக்சிஸ்ல போடறாங்க?

75 மார்க் பேப்பர், மனப்பாடம் பண்ணி பாஸ் ஆயிடலாம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எனக்குப் புரிஞ்சு படிக்கணும்.

---

வகுப்பறை_ஓரம் எழுதியது:

அரசு கலைக் கல்லூரியில காமர்ஸ் பசங்களுக்கு இந்தப் பேப்பர்தான் நடத்துறேன், அதனால முதல் கேள்வியை நான் எடுத்துக்கறேன் ம்மா. நீ சொன்ன அந்தச் சுத்தல்ல ஒரே சொல்லை ரெண்டு விஷயத்துக்குப் போட்டு வச்சிருக்கே, அதைப் பிரிச்சிட்டா சுத்தல் நின்னுடும்.

டிமாண்ட் கர்வ்ங்கறது ஒரு முழுப் பட்டியல். தக்காளி கிலோ 20-ன்னா ஊர்ல இவ்வளவு வாங்குவாங்க, 40-ன்னா இவ்வளவு, 100-ன்னா இவ்வளவுன்னு ஒவ்வொரு விலைக்கும் ஒரு வரி. தக்காளி விலை மட்டும் மாறினா பட்டியல் அப்படியே இருக்கும், நாம வேற வரிக்குப் போறோம், அவ்வளவுதான், இதைத்தான் கர்வ் மேல நகர்றதுன்னு சொல்றோம். ஜனங்க வருமானம் மாறுது, மாற்றுப் பொருள் விலை மாறுது, ரசனை மாறுது, நாளைக்கு விலை ஏறப்போகுதுன்னு பேச்சு வருது, அப்பதான் பட்டியலையே புதுசா எழுதணும், அதுதான் கர்வ் இடம் மாறுறது. விலை ஏறினா டிமாண்ட் குறையும்னு சொல்றப்ப குறையறது வரி. டிமாண்ட் குறைஞ்சா விலை இறங்கும்னு சொல்றப்ப குறையறது பட்டியல். இந்த ரெண்டு வாக்கியத்தையும் சங்கிலி மாதிரி கோக்கக் கூடாது.

2023 ஜூலையை எடுத்துக்கோ. ஆந்திரா கர்நாடகாவுலேர்ந்து கோயம்பேட்டுக்கு வர்ற வரத்து குறைஞ்சு தக்காளி கிலோ 100-ஐத் தாண்டுச்சு. இதுல இடம் மாறினது சப்ளை கர்வ், இடது பக்கம் போச்சு. வாங்குறவங்க பட்டியல் அப்படியேதான் இருக்கு. பழைய விலையில எல்லாரும் கேட்கிற அளவுக்குச் சரக்கு இல்ல, விலை ஏற ஆரம்பிக்குது, ஏற ஏற ஒரு கிலோ வாங்குற வீட்ல கால் கிலோவோட நிறுத்திக்கிட்டு குழம்புல புளியைக் கூடக் கொஞ்சம் கரைக்கிறாங்க. இந்தப் பக்கம் அந்த விலைக்கு ஆசைப்பட்டு தூரத்து வியாபாரியும் லோடு ஏத்துறான். கேட்கிற அளவும் வர்ற அளவும் எந்த விலையில ஒண்ணாகுதோ அங்க நின்னுடும். அதுக்கு மேல ஏத்தினா சரக்கு தேங்கும், கீழ இறக்கினா கேட்கிறவனுக்குக் கிடைக்காது. அளவு குறைஞ்சதனால விலை திரும்ப இறங்கணும்னு கட்டாயம் இல்ல, ஏன்னா அந்தக் குறைவே விலை ஏறினதோட விளைவுதான். மறுபடி வரத்து வந்தாத்தான், அதாவது சப்ளை கர்வ் திரும்ப வலது பக்கம் வந்தாத்தான் விலை இறங்கும். அப்படித்தான் இறங்கவும் செஞ்சுது.

அந்தச் சமயத்துல சென்னை ரேஷன் கடைகள்ல அரசு கிலோ 60-க்குத் தக்காளி வித்தது ஞாபகம் இருக்கலாம். மார்க்கெட்ல நூறு, இங்க அறுபதுன்னா அந்த விலைக்குக் கேட்கிறவங்க இருக்கிற சரக்கை விட அதிகமா இருப்பாங்க, அதனால க்யூவும் ஆளுக்கு இவ்வளவுதான்ங்கற வரம்பும் தானா வந்துடும். விலை செய்ய வேண்டிய பங்கீட்டை அங்க க்யூ செய்யுது. இது சட்டம் போட்ட விலை உச்சவரம்பு இல்ல, ஆனா அந்தக் கேள்வி வந்தா அதே விளைவுக்கு உதாரணமா இதை எழுதலாம்.

பேப்பர்ல எந்த விலைச் செய்தியைப் பார்த்தாலும் முதல்ல ஒண்ணே ஒண்ணு கேளு, இந்தக் கதை வாங்குறவன் பக்கம் ஆரம்பிச்சுதா, விக்கிறவன் பக்கம் ஆரம்பிச்சுதா? அதைக் கண்டுபிடிச்சா எந்தக் கோட்டை நகர்த்தணும்னு தெரிஞ்சுடும், மத்த கோட்டைத் தொடாதே.

ஆக்சிஸ் விஷயம், மேத்ஸ் படிச்சவங்க எல்லாரும் கேட்கிறதுதான், கேட்கவும் வேணும். 1890-ல வந்த மார்ஷல் புத்தகத்தோட பழக்கம் அது. அவர் இந்த அளவுச் சரக்குக்கு ஜனங்க எவ்வளவு வரை கொடுப்பாங்கன்னு அளவுலேர்ந்து விலைக்குப் போனார், அதனால அளவு கீழ, விலை செங்குத்தா. வால்ராஸ்ங்கற இன்னொரு பொருளாதார அறிஞர் நீ கேட்கிற மாதிரி விலைலேர்ந்து அளவுக்குத்தான் போனார், ஆனா உலகம் முழுக்க கிளாஸ்ல நிலைச்சது மார்ஷல் படம். பரீட்சையில அதையே போடு.

---

சிஏ_இன்டர்_போராட்டம் எழுதியது:

எலாஸ்டிசிட்டிக்கு நான் சொல்றேன். உங்க ரெண்டு விடையும் கணக்கா சரிதான் சிஸ்டர், தப்பு எதுவும் இல்ல. சதவீதம் போடறப்ப எதை அடிப்படையா வச்சு வகுக்கிறோம்ங்கறதுதான் மாறுது, 2 ரூபாய் 10-க்கு 20 சதவீதம், 12-க்கு 16.67 சதவீதம், அதே மாதிரி 30 டீ 200-க்கு 15, 170-க்கு 17.65. மாற்றம் பெருசா இருந்தா இந்த வித்தியாசம் வந்தே தீரும். அதனாலதான் ஆர்க் எலாஸ்டிசிட்டின்னு ஒண்ணு வச்சிருக்காங்க, ரெண்டு முனையோட சராசரியை அடிப்படையா எடுக்கணும். அளவு 30 கீழ 185, 16.2 சதவீதம். விலை 2 கீழ 11, 18.2 சதவீதம். வகுத்தா 0.89. எந்தப் பக்கத்துலேர்ந்து போட்டாலும் இதேதான்.

இன்எலாஸ்டிக்தானான்னு செக் பண்ண இன்னொரு வழி, கல்லாப்பெட்டியைப் பாருங்க. 10-க்கு 200 டீன்னா 2000 ரூபாய், 12-க்கு 170 டீன்னா 2040. விலை ஏத்தி வருமானம் கூடியிருக்கு, அப்ப ஒண்ணுக்குக் குறைவுதான். 1.06 வந்த விடை இதோட ஒத்துப் போகல பாருங்க, 0.89 ஒத்துப் போகுது. இன்னொண்ணு, நேர்கோட்டு டிமாண்ட் கர்வ்ல சாய்வு எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், ஆனா எலாஸ்டிசிட்டி மேல அதிகம் கீழ கம்மி. சாய்வும் எலாஸ்டிசிட்டியும் ஒண்ணுன்னு நினைச்சு நிறைய பேர் மார்க் விடறாங்க.

சிஏ ஃபவுண்டேஷன்ல பிசினஸ் எகனாமிக்ஸ் முழுக்க அப்ஜெக்டிவ், தப்பு விடைக்கு கால் மார்க் போயிடும், அதுல இந்த மாதிரி ரெண்டு விடையும் ஆப்ஷன்ல போட்டு வச்சிருப்பாங்க. கேள்வியில ஆர்க் மெத்தட்னு இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு டிக் பண்ணணும். உங்களுக்கு டிஸ்க்ரிப்டிவ்ங்கறதால ஃபார்முலாவை எழுதிட்டுப் போட்டாலே போதும்.

---

மொத்த_வியாபாரி எழுதியது:

நான் மளிகை மொத்த வியாபாரம் பண்றேன். படிக்கிற புள்ளைகளை குறை சொல்லல, ஆனா கர்வ் போட்டுப் பார்த்து விலை வச்ச ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்ல. அசல் என்ன, வண்டிச் செலவு என்ன, பக்கத்துக் கடையில என்ன விலை, இவ்வளவுதான். எம்சி எம்ஆர் எல்லாம் பரீட்சைக்கு எழுதிட்டு விட்டுடலாம்னுதான் எனக்குத் தோணுது.

---

பனியன்_ஊர் எழுதியது:

மேல அண்ணன் சொன்னதுக்கு நான் மறுப்பு சொல்ல வேண்டியிருக்குங்க. திருப்பூர்ல சின்னதா ஒரு கார்மென்ட் யூனிட் வச்சிருக்கேன், நானும் காமர்ஸ் படிச்சவன்தான். கர்வ் போட மாட்டோம், சரி. ஆனா அந்த அம்மணி கேட்ட எம்சி எம்ஆர் கணக்கை மாசத்துக்கு ஒருக்காவாச்சும் போடாம ஆர்டர் எடுக்க முடியாதுங்க, பேரு வேணா வேறயா இருக்கும். ஒரு கணக்கைச் சொல்றேன், புரியறதுக்காக எண்ணை ரவுண்டா வச்சுக்கறேன்.

ஒரு டி ஷர்ட்டுக்கு துணி, நூல், லேபிள், பாலி பேக் எல்லாம் 62 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் கூலி 23. ஆக 85. இது பீஸ் தைச்சாத்தான் வர்ற செலவு. இது போக வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் லோன் தவணை எல்லாம் மாசம் இரண்டரை லட்சம், ஒரு பீஸ் தைக்கலைன்னாலும் இது போயே ஆகும். மாசம் 10,000 பீஸ் தைக்கிற கெபாசிட்டி. அப்ப ஒரு பீஸ் மேல இந்த இரண்டரை லட்சத்துல 25 ரூபாய் விழும், சராசரி செலவு 110.

இப்ப சீசன் டல். வழக்கமான பார்ட்டிக்கு 120 ரூபாய் ரேட்டுல 7,000 பீஸ்தான் ஆர்டர் இருக்கு. பீஸுக்கு 35 நிக்குது, 7,000-க்கு 2,45,000. நிலையான செலவு 2,50,000. மாசம் 5,000 நஷ்டம். அப்ப வெளியூர்லேர்ந்து ஒரு புதுப் பையர் வர்றாரு, 3,000 பீஸ் வேணும், 95 ரூபாய்தான் கொடுப்பேங்கறாரு. என் பார்ட்னரா இருந்தா என்ன சொல்லுவாரு, நமக்கு அடக்கமே 110, 95-க்குக் கொடுத்தா பீஸுக்கு 15 நஷ்டம், வேண்டாம்பாரு. கேட்கறதுக்கு நியாயமா இருக்கும். ஆனா அந்த 3,000 பீஸ் தைக்கறதால கூடுதலா ஆகுற செலவு 85-தானுங்க, வாடகை ஏறப் போறதில்ல. கூடுதலா வர்றது 95. பீஸுக்கு 10 வீதம் 30,000 கையில நிக்கும், 5,000 நஷ்டம் 25,000 லாபமா மாறிடும். 85-தான் உங்க மார்ஜினல் காஸ்ட், 95-தான் மார்ஜினல் ரெவின்யூ. வர்றது போறதை விடப் பெருசா இருக்கிற வரைக்கும் அடுத்த பீஸைத் தைக்கணும், சமமாகுற இடத்துல நிறுத்தணும். இவ்வளவுதான் அம்மணி அந்த ஃபார்முலாவோட அர்த்தம்.

எதுக்குச் சமமாகணும், 95 எப்பவும் 85-ஐ விட அதிகம்தானேன்னு கேட்பீங்க. இல்லீங்க. அந்தப் பையர் 3,000-க்குப் பதிலா 6,000 கேட்டாருன்னு வைங்க. கெபாசிட்டி தாண்டிப் போகும், நைட் ஒட்டணும். ஓவர்டைம் கூலி டபுள்னு சட்டமே இருக்கு. 23-ல ஆள் கூலி மட்டும் 18-ன்னா அது 36 ஆகும், மார்ஜினல் காஸ்ட் 85 இல்ல, 103. அது போக ராத்திரி பத்து மணிக்கு மேல ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்காந்தவங்களுக்குக் கண்ணு சொக்கும், ஸ்டிச் விட்டுப் போகும், காலையில செக்கிங் டேபிள்ல ஆல்ட்ரேஷன் பீஸ் குவிஞ்சு கிடக்கும், பிரிச்சுத் திரும்பத் தைக்கணும். புக்ல மார்ஜினல் காஸ்ட் கர்வ் ஒரு இடத்துக்கு மேல மேல நோக்கி வளையுதே, அந்த வளைவு இதுதானுங்க. அங்க 95-க்கு ஒரு பீஸ் கூட எடுக்கக் கூடாது.

இதை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. நான் புதுப் பையருக்கு 95-க்குக் கொடுத்தது பழைய பார்ட்டிக்குத் தெரிஞ்சு போய் அவரும் எனக்கும் 95-ன்னு நின்னாருன்னா? அப்ப 10,000 பீஸும் 95, மொத்தம் 9,50,000. முன்னாடி 7,000 பீஸ்லயே 8,40,000 வந்துச்சு. 3,000 பீஸ் கூடத் தைச்சு எனக்குக் கூடினது 1,10,000-தான், பீஸுக்கு 37 ரூபாய் கூட வரல, கூடுதல் செலவோ 85. விலை 95 தெரியுது, ஆனா மார்ஜினல் ரெவின்யூ 37. ஒரே ஒருத்தர் மட்டும் விக்கிற முற்றுரிமை பாடத்துல எம்ஆர் கோடு டிமாண்ட் கோட்டுக்குக் கீழ ஓடுறது எதுக்குன்னு படிக்கறப்ப எனக்கும் விளங்கல, பழைய சரக்குக்கும் சேர்த்து விலை குறைக்க வேண்டி வர்றதாலதான் அப்படி ஓடுது. அதனாலதான் ஒவ்வொரு பையருக்கும் ஸ்டைல், லேபிள், பேக்கிங் மாத்தி மாத்திக் கொடுக்கிறது, ஒரு ரேட் இன்னொரு ரேட்டோட ஒட்டாம இருக்கணும்.

மொத்த வியாபாரி அண்ணன் பக்கத்துக் கடை விலையைப் பார்த்து விக்கிறேன்னாரு. அதுவும் இந்தப் புக்லயே கடைசி யூனிட்ல, சில பேர் மட்டும் விக்கிற மார்க்கெட் (சில்லோர் முற்றுரிமை) பாடத்துல இருக்குங்க.

---

கரிசல்_மண் எழுதியது:

அந்தக் கடைசி யூனிட்டுக்கு எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு தங்கச்சி. கோவில்பட்டி சாத்தூர் சிவகாசி தீப்பெட்டி. 2007-ல ஒரு ரூபாய் ஆன பெட்டி 2021 டிசம்பர் 1 வரைக்கும் 14 வருஷம் அதே ஒரு ரூபாய். அதுக்குள்ள ரெட் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, டீசல் எல்லாம் எவ்வளவு ஏறிப்போச்சு, ஆனா பெட்டி விலை அசையல. ஒருத்தன் மட்டும் ஏத்தினா கடைக்காரன் அடுத்த லேபிளுக்குப் போயிடுவான், ஒருத்தன் இறக்கினா எல்லாரும் இறக்குவாங்க, அதனால எவனும் கையை வைக்க மாட்டான். இதைத்தான் கிங்க்டு டிமாண்ட் கர்வ், முறிந்த தேவைக் கோடுன்னு பாடத்துல வச்சிருக்காங்க, 1939-ல பால் ஸ்வீசி சொன்னது. முறிவுக்கு மேல எலாஸ்டிக், கீழ இன்எலாஸ்டிக், நடுவுல எம்ஆர் கோட்டுல ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள்ள மார்ஜினல் காஸ்ட் ஏறினாலும் இறங்கினாலும் விலை மாறாது. கடைசியில உற்பத்தியாளர்கள் சங்கங்க சிவகாசியில கூடிப் பேசி மொத்தமா ரெண்டு ரூபாய் ஆக்கினாங்க, பெட்டியில குச்சியையும் கூட்டினாங்க. பத்து இருபது பைசா சில்லறை புழக்கத்துல இல்லாததால நடுவுல எந்த விலையும் வைக்க முடியாது பாரு, அதுவும் ஒரு காரணம்.

மாற்றுப் பொருள்னு கேட்டா லைட்டரை எழுது. வெளிநாட்டு மலிவு லைட்டர் வந்து தீப்பெட்டி விற்பனையைத் தின்னுதுன்னு இங்க வருஷக்கணக்கா கோரிக்கை வச்சு, 2023 ஜூன் கடைசியில 20 ரூபாய்க்குக் கீழ விலை உள்ள சிகரெட் லைட்டரை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. லைட்டர் விலை ஏறினா தீப்பெட்டி டிமாண்ட் கர்வ் வலது பக்கம் போகும், ஒரு பொருள் விலை மாறினா இன்னொண்ணோட டிமாண்ட் எவ்வளவு மாறுதுன்னு சொல்ற கிராஸ் எலாஸ்டிசிட்டி பாசிட்டிவ். இந்த ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ் வேலையை நம்பி இருக்கிறது பெரும்பாலும் பொம்பளைங்க, அவங்க கூலிக்கும் இந்தக் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு, அதனாலதான் இவ்வளவு எழுதுறேன்.

---

வகுப்பறை_ஓரம் எழுதியது:

கரிசல் மண் கொடுத்த உதாரணம் அருமை, இனி நானும் கிளாஸ்ல சொல்லப் போறேன். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கோங்க. ஸ்வீசி மாடல் விலை ஏன் ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லும், முதல்ல அந்த விலை எப்படி வந்துச்சுன்னு சொல்லாது. கடைசி வரியா இந்தக் குறையையும் எழுதினா திருத்துறவங்களுக்குப் பிடிக்கும். சில்லோர் முற்றுரிமையில கூட்டுச் சேர்றதைப் பத்திக் கேட்டா சிமென்டைச் சொல்லலாம். பெரிய சிமென்ட் கம்பெனிகள் விலை விஷயத்துல கூட்டுச் சேர்ந்ததா சொல்லி 2012-ல காம்படிஷன் கமிஷன் 6000 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது, அப்பீல்ல திரும்பி வந்து 2016-ல மறுபடியும் போட்டது.

---

நெல்லை_பிபிஏ_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பனியன் ஊர் அண்ணா கணக்கை எண்ணை மாத்தி மாத்தி நோட்ல போட்டுப் பார்த்தேன், எம்ஆர் ஏன் விலையை விடக் கம்மின்னு இப்ப என்னால சொல்ல முடியும். வகுப்பறை சார் சொன்ன மாதிரி யார் பக்கம் கதை ஆரம்பிக்குதுன்னு கேட்டுப் பார்க்கவும் ஆரம்பிச்சிருக்கேன். எங்க பக்கத்து ஊர் சங்கரன்கோவில்ல பூ மார்க்கெட் பெருசு. மார்கழி தை பனியில மல்லி வரத்து ரொம்பக் குறைஞ்சுடும், அதே சமயம் பொங்கல், தை முகூர்த்தம்னு பூ வாங்குறவங்க கூடுவாங்க, கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போகும். இதுல கதை ரெண்டு பக்கமும் ஆரம்பிக்குதே சார், நான் சப்ளையை இடது பக்கமும் டிமாண்டை வலது பக்கமும் நகர்த்திப் படம் போட்டேன், விலை ஏறுது, அளவு பழைய அளவுக்கே வந்துச்சு. ஃப்ரெண்ட் போட்ட படத்துல அளவு குறைஞ்சிருக்கு. யாரோடது சரி?

பனியன் ஊர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அந்தப் பையர் 95-க்குப் பதிலா 80 கேட்டா?

---

வகுப்பறை_ஓரம் எழுதியது:

ரெண்டு படமும் சரி ம்மா. ரெண்டு கர்வும் சேர்ந்து நகர்றப்ப ஒண்ணைத்தான் உறுதியா சொல்ல முடியும். இங்க ரெண்டு நகர்வுமே விலையை மேல தள்ளுது, அதனால விலை ஏறும்ங்கறது உறுதி. அளவை சப்ளை கீழ இழுக்குது, டிமாண்ட் மேல இழுக்குது, எது பெருசுன்னு தெரியாம அளவைச் சொல்ல முடியாது. மல்லி விஷயத்துல பனி அடிச்சா செடியில மொட்டே இருக்காது, அதனால சப்ளை நகர்வுதான் பெருசா இருக்கும், அளவு குறைஞ்சிருக்கும்னு ஊர் நிலவரத்தை வச்சுச் சொல்லலாம், படத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. பரீட்சையில அளவு நிச்சயமில்லைன்னு ஒரு வரியோட விட்டுடாதே, உன் படம், உன் ஃப்ரெண்ட் படம் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு எந்த நகர்வு பெருசுன்னு கீழ எழுது. ஆக்சிஸ் பேரு, பழைய புள்ளி, புதுப் புள்ளி, அம்புக்குறி எல்லாம் இருக்கணும். பேர் எழுதாத கோட்டுக்கு மார்க் வராது.

---

பனியன்_ஊர் எழுதியது:

80-ன்னா எடுக்க மாட்டேனுங்க அம்மணி. தைச்சா பீஸுக்கு 5 ரூபாய் கூடுதல் நஷ்டம், மெஷினை மூடி வச்சிருந்தா அந்த 5 மிச்சம். இந்த 85-தான் எங்களுக்குத் தரை, புக்ல ஷட் டவுன் பாயிண்ட்னு போட்டிருப்பாங்க, விலை சராசரி மாறும் செலவுக்கு (தைச்சாத்தான் வர்ற செலவு, பீஸுக்கு) கீழ போனா குறுகிய காலத்துல கூட ஓட்டக் கூடாதுன்னு. 85-க்கும் 110-க்கும் நடுவுல எது வந்தாலும் டல் சீசன் வரைக்கும் ஓட்டலாம், ஆனா வருஷம் முழுக்க அந்த ரேட்டே வந்தா லோன் தவணை எங்கிருந்து கட்டறது, அப்ப யூனிட்டையே யோசிக்கணும்.

நடைமுறையில இன்னொண்ணு பார்ப்போம், அது உங்க படத்துல வராது. நல்ல டெய்லர்கள் வேலை இல்லாம ஒரு மாசம் உக்காந்தா பக்கத்து கம்பெனிக்குப் போயிடுவாங்க, சீசன் வந்ததும் திரும்பக் கூப்பிட்டா வர மாட்டாங்க, புது ஆளைப் பழக்கறதுக்குள்ள ஷிப்மென்ட் தேதி போயிடும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துட்டு சில பேரு 83, 84-க்குக் கூட ஒரு சின்ன ஆர்டர் எடுப்பாங்க. ஆள் போயிட்டா ஆகப்போற அந்தச் செலவை மார்ஜினல் காஸ்ட்லேர்ந்து கழிச்சா அதுவும் அதே ஃபார்முலாவுக்குள்ளதான் வருதுன்னு நினைக்கிறேன், வகுப்பறை சார் சரியான்னு சொல்லட்டும்.

---

வகுப்பறை_ஓரம் எழுதியது:

சரிதான். ஆர்டர் எடுக்கலைன்னா வரப்போற செலவு, எடுத்தா தவிர்க்கப்படுற செலவு. பீஸுக்கு ரெண்டு ரூபாய் அப்படித் தவிருதுன்னா தரை 83-தான். போன மாசமே கட்டி முடிச்ச அட்வான்ஸ், திரும்ப வராத பணம், இதை மட்டும் உள்ள கொண்டு வராதீங்க.